தலைக்கு மேலே போகாத காற்று

உயரமான காற்றுத்தடுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிய மறுநாள் விடியற்காலை திருச்சி பக்கம் கிளம்பினேன். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வேகமுள் 80-ஐத் தொட்டது. தொட்ட கையோடு என் தலை ஆடத் தொடங்கியது. யாரோ பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, சல்லடையில் மாவு சலிப்பதுபோல் உலுக்குகிற மாதிரி இருந்தது. முன்னால் போன லாரியின் எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று கைப்பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். கைப்பிடி அசையவே இல்லை. வண்டி நேர்கோட்டில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. ஆடியது நான் மட்டும்தான்.

சாலை காலியாக இருந்ததால் கால்மிதியில் எழுந்து நின்று பார்த்தேன். காற்று நெஞ்சில் ஓங்கி அடித்தது. ஆனால் உலுக்கல் நின்றுவிட்டது. குனிந்து பெட்ரோல் டேங்கின்மேல் படுத்தேன். அங்கேயும் அமைதி. மனுஷன்போல் நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் திரும்ப மாவு சலிப்பு. பழைய குட்டைக் கண்ணாடியில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. காற்றைத் தடுக்கக் காசு கொடுத்து வாங்கிய பொருள், காற்றை இன்னும் கொடூரமாக்கியிருந்தது. மேல்மருவத்தூரில் டீ குடிக்கும்போது கண்ணாடியின் மேல்விளிம்பையும் என் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். அதுதான் சிக்கல் என்று புரிய எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

ஸ்போர்ட் டூரர் என்ற வகையே காற்றோடு செய்துகொண்ட ஒரு சமரசத்தில் பிறந்ததுதான். பந்தய வண்டிக்காரன் டேங்கின்மேல் படுத்துக்கொள்வான். அவனுக்குச் சிறிய கண்ணாடி போதும். சோபா மாதிரி இருக்கை வைத்த பெரிய பயண வண்டிகளில் வீட்டு ஜன்னல் அளவுக்குக் கண்ணாடி இருக்கும். அவை வளைவுகளில் எருமைபோல் திரும்பும். இரண்டுக்கும் நடுவே, ஒரே நாளில் 600 கிலோமீட்டர் போகவும் வேண்டும், மலைப்பாதையில் சாய்ந்து திரும்பவும் வேண்டும் என்று கேட்டவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். 1976-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் அவர்களுக்காகச் செய்யப்பட்டது. ஹான்ஸ் மூத் வடிவமைத்த அதன் முழு முகக்கவசத்தை இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கினார்கள். அதுவரை முகக்கவசம் என்பது பெரும்பாலும் வாங்கியவர் பின்னால் மாட்டிக்கொள்ளும் பொருள். இங்கே அது எஞ்சினைப்போல், சட்டத்தைப்போல் வண்டியின் உறுப்பாகவே வந்தது. காற்று முன்சக்கரத்தைத் தூக்கிவிடாமல் இருக்க வேண்டும், ஓட்டுபவரின் நெஞ்சுக்கு நிழல் தர வேண்டும், ஆனால் தலையைத் தெளிந்த காற்றில் விட்டுவிட வேண்டும் என்று அதற்கு மூன்று வேலைகள். மூன்றாவதை மறந்துவிட்டு நான் கண்ணாடி வாங்கினேன்.

காற்றின் கணக்கு கொஞ்சம் இரக்கமற்றது. வேகம் இரட்டித்தால் எதிர்விசை நான்கு மடங்கு. அந்த விசையை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்த ஆளோடு ஒரு பைக் 80 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்க மூன்று, மூன்றரைக் குதிரைத்திறன் போதும். 160-இல் அதுவே 27 குதிரைத்திறனைத் தொடும். நான் ஓட்டுவது பழைய கவாசாகி நிஞ்சா 1000. 1,043 சிசி, நான்கு சிலிண்டர், முன்னால் ஒருவர் ஓட்டி எனக்குக் கைமாறியது. நம் நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 80 கி.மீ.தான். ஆக, 100 குதிரைக்கு மேல் இருக்கும் லாயத்தில் மூன்றரைக் குதிரையை வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே போகிறோம். இதை என் மனைவி வேறு சொற்களில் சொல்வாள்.

எதிர்விசையைவிட முக்கியமானது கண்ணாடியின் விளிம்பில் நடக்கும் கூத்து. காற்று கண்ணாடியின் சரிவில் வழுக்கி ஏறி வருகிறது. மேல்விளிம்பில் கண்ணாடி திடீரென்று முடிந்துவிடுகிறது. காற்றால் சட்டென்று கீழே மடங்க முடியாது. அது நேராகப் பாய்கிறது. கண்ணாடிக்குப் பின்னே, ஓட்டுபவரின் நெஞ்சுக்கு முன்னே, அழுத்தம் குறைந்த அசைவற்ற காற்று தேங்குகிறது. மேலே நொடிக்கு 22 மீட்டரில் ஓடும் காற்று, கீழே நிற்கும் காற்று. இரண்டும் உரசும் இடத்தில் எல்லைக்கோடு நேராக நிற்பதில்லை. மழைநாளில் பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்றுநீர் சுழித்துச் சுழித்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் இங்கே காற்று சுருள்சுருளாக உருண்டு பின்னால் வருகிறது. ஒவ்வொரு சுருளும் ஒரு குத்து.

எத்தனை குத்து என்றுகூடக் கணக்கிடலாம். 1878-இல் வின்சென்ஸ் ஸ்ட்ரோஹால் என்ற செக் இயற்பியலர் காற்றில் கம்பிகள் ஏன் பாடுகின்றன என்று ஆராய்ந்தார். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, ஏறக்குறைய 0.2-ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை சுழல் உதிர்கிறது என்பது கிடைக்கும். கம்பிக்குப் பிறந்த இந்தக் கணக்கைக் கண்ணாடிக்கு அப்படியே போட முடியாதுதான். இருந்தாலும் குத்துமதிப்புக்கு உதவும். முப்பது சென்டிமீட்டர் அளவுள்ள தடை, நொடிக்கு 22 மீட்டர் காற்று: நொடிக்குப் பதினைந்து குத்துக்கு அருகில் வருகிறது. மெல்லிய கம்பியில் இசையாகக் கேட்பது, அகலக் கண்ணாடிக்குப் பின்னால் தலையை ஆட்டும் தாளமாகிறது.

இப்போது டீக்கடையில் நான் பார்த்தது விளங்கும். எழுந்து நின்றபோது தலை எல்லைக்கோட்டுக்கு மேலே, ஓடும் காற்றில் இருந்தது. படுத்தபோது கோட்டுக்குக் கீழே, தேங்கிய காற்றில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தபோது சுருள்கள் உருண்டுவரும் பாதையில் சரியாக நெற்றியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். பழைய குட்டைக் கண்ணாடியில் சுருள்கள் தோளில் மோதின. தோள் அதைப் பொருட்படுத்தவில்லை. தலையோ மெல்லிய கழுத்தின்மேல் நிற்கும் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் போட்ட பந்து. உயர்ந்த கண்ணாடிகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு: முன்னால் அழுத்தம் குறைந்திருப்பதால் முதுகுப் பக்கக் காற்று உள்ளே புகப் பார்க்கும். யாரோ பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுவதுபோல் இருக்கும். மழையில் சட்டையின் முதுகு நனைந்து நெஞ்சு காய்ந்திருந்தால் காரணம் இதுதான். கண்ணாடியின் அடியில் ஒரு விரல்கட்டை இடைவெளி விட்டால் போதும். அந்த இடுக்கில் நுழையும் காற்று அந்த அழுத்தப் பள்ளத்தை நிரப்பி, மேலே உருளும் சுருள்களை அடக்கிவிடும். பல நவீன வண்டிகளில் கண்ணாடிக்கடியில் இருக்கும் பிளவு அழகுக்காக வைத்ததல்ல.

காதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டும். அந்த அளவில் சில மணிநேரம் இருந்தாலே செவி நரம்புக்குக் கேடு. நாம் சைலன்சர் சத்தத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம். ஓட்டுபவரின் காதைத் தின்பது பெரும்பாலும் காற்று. பஞ்சுபோல் இருக்கும் காதடைப்பான் சில ரூபாய்தான். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் மாற்றங்களிலேயே மலிவானது அது. வேறு எந்த உறுப்பையும் அது தொந்தரவு செய்வதுமில்லை.

மற்ற மாற்றங்கள் அப்படியல்ல. பின்னால் மாட்டும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டாப் பாக்ஸ் இல்லாமல் நீண்ட பயணம் போவது கஷ்டம். ஹெல்மெட்டை வைக்கவாவது ஓர் இடம் வேண்டும். பெட்டியும் சாமானும் சேர்ந்து பத்துக் கிலோ. இருநூற்றுச் சொச்சம் கிலோ வண்டிக்குப் பத்துக் கிலோ ஒரு பொருட்டா என்று கேட்கலாம். எடை பொருட்டல்ல, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பொருட்டு. பெட்டி பின் அச்சுக்கும் ஏறக்குறைய ஒரு முழம் பின்னால் தொங்குகிறது. சீசா பலகைபோல், பின் அச்சைச் சுற்றி அது முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது. சுமார் 1.44 மீட்டர் சக்கர இடைவெளிக்குக் கணக்குப் போட்டால் முன்சக்கரத்தின் சுமையில் மூன்று கிலோ குறையும். அது சிறிய இழப்பு. பெரிய இழப்பு வேறு இடத்தில். வண்டி தன் நடுவைச் சுற்றி இடவலமாகத் திரும்ப எவ்வளவு அடம்பிடிக்கும் என்பது எடையைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். டேங்கின்மேல் கட்டிய பையில் பத்துக் கிலோ வைத்தால் அது நடுவிலிருந்து இருபது சென்டிமீட்டரில் இருக்கும். டாப் பாக்ஸில் வைத்தால் 110 சென்டிமீட்டரில். தொலைவு ஐந்தரை மடங்கு; அடம் முப்பது மடங்கு. அதே சாமான், அதே பத்துக் கிலோ.

இதன் விளைவு வேகத்தில் தெரியும். 1971-இல் ராபின் ஷார்ப் என்ற பொறியியலர் மோட்டார் சைக்கிளின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதி, அது தன்னிச்சையாக ஆடும் முறைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று கைப்பிடி மட்டும் நொடிக்கு ஆறு முதல் பத்து முறை படபடப்பது, ஆங்கிலத்தில் வாபிள். இன்னொன்று வீவ்: வண்டி முழுவதும் பாம்புபோல் நொடிக்கு இரண்டு மூன்று முறை நெளிவது. வேகம் கூடக்கூட இந்த நெளிவு அடங்கும் தன்மை குறைகிறது. பின்பாரம் அதை இன்னும் குறைக்கிறது. பெட்டி விற்பவர்கள் உள்ளே ஒட்டும் “இத்தனை கிலோவுக்கு மேல் வேண்டாம், இத்தனை வேகத்துக்கு மேல் வேண்டாம்” என்ற ஸ்டிக்கரை நாம் பொதுவாக முதல் நாளே உரித்துவிடுவோம். அது பெட்டி உடைந்துவிடும் என்பதற்காக மட்டும் ஒட்டப்பட்டதல்ல. நெளிகிறதே என்று ஸ்டீரிங் டேம்பர் வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. ஷார்ப்பின் சமன்பாடுகள் சொன்ன வேடிக்கையான செய்தி இது: டேம்பர் கைப்பிடியின் படபடப்பை அடக்கும், அதிவேக நெளிவை அது மோசமாக்கவும் கூடும். தலைவலிக்கு வயிற்றுவலி மருந்து தின்ற கதை. பாரத்தை முன்னும் கீழுமாக மாற்றுவதுதான் அதற்கான வைத்தியம்.

பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும். அங்கே இன்னொரு சங்கிலி தொடங்குகிறது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் பின் ஷாக்கின் வளையத்தைத் திருகி முறுக்கிவிட்டு, “சார், ஸ்பிரிங்க டைட் பண்ணிட்டேன், இனி கல்லு மாதிரி நிக்கும்” என்றார். நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பித் தடிமனிலும் சுருள் எண்ணிக்கையிலும் இருக்கிறது. வளையத்தைத் திருகினால் அது மாறாது. பின்சக்கரத்தை ஒரு மில்லிமீட்டர் மேலே தள்ள இரண்டரைக் கிலோ வேண்டும் என்றால், முறுக்கிய பின்னும் இரண்டரைக் கிலோதான். வளையம் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை. மனைவியும் சாமானுமாக எண்பது கிலோ பின்னால் ஏறினால், அந்தக் கணக்கில் வண்டி 32 மில்லிமீட்டர் தாழும். வளையத்தை முறுக்கி அந்த 32-ஐ மீட்கிறோம், அவ்வளவுதான். அப்படியானால் கல் மாதிரி நின்றது எப்படி? தனியாகப் போகும்போதும் முறுக்கை அவிழ்க்காமல் விட்டால், என் ஒருவன் எடை ஸ்பிரிங்கின் முன்அழுத்தத்தைக்கூட வெல்லாது. ஷாக் முழுதும் நீண்டு, மேல்முனையில் முட்டிக்கொண்டு நிற்கும். சிறு பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமே இல்லை. அதைத்தான் முதுகு கல் என்று சொல்கிறது.

முறுக்காமலே இரண்டு பேர் போனால் என்ன ஆகும்? பின்பக்கம் 32 மில்லிமீட்டர் தாழ்ந்தால் வண்டி முழுவதும் ஒன்றேகால் பாகை பின்னால் சாய்கிறது. முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. முன் ஃபோர்க்கும் அதே அளவு சாய்வதால், ட்ரெயில் என்ற அளவு மாறுகிறது. ஸ்டீரிங் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள இடைவெளிதான் ட்ரெயில். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரம் இழுக்கும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வது இதனால்தான். இந்த வகை வண்டிகளில் அது சுமார் நூறு மில்லிமீட்டர். ஒன்றேகால் பாகை சாய்ந்தால் ஆறேழு மில்லிமீட்டர் கூடும். வண்டி நேரே போகவே பிரியப்படும். வளைவில் கைப்பிடியைக் கெஞ்ச வேண்டியிருக்கும். “டயர் சரியில்லை” என்று கடைக்குப் போகிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது, ஷாக்கின் வளையத்தில் நாலு திருகு.

செயினும் இதில் மாட்டிக்கொள்கிறது. யமஹா எஃப்ஜேஆர்1300 போன்ற பெரிய பயண வண்டிகளில் செயின் கிடையாது. எண்ணெய்க்குள் சுழலும் தண்டு இருக்கும், அதன் உடைமையாளர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். நமக்குச் செயின். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் கீல், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஸ்டாண்டில் வெறும் வண்டியை நிறுத்தி “தொய்வே இருக்கக் கூடாது” என்று இறுக்கினால், இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடையில் இறங்கும் கணத்தில் அது வீணைத் தந்தியாகிவிடும். அந்த இழுப்பை வாங்குவது கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங். கையேடு முப்பது மில்லிமீட்டர் பக்கம் தொய்வு கேட்பதற்குக் காரணம் அதுதான். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் வேண்டாம், ஒவ்வொரு கண்ணியிலும் கிரீஸைச் சிறைபிடித்து வைத்திருக்கும் ரப்பர் வளையத்தை அது கெடுத்துவிடும். செயின் “நீள்கிறது” என்கிறோம். இரும்பு நீள்வதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஊசிகள் ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்து, அந்த மயிரிழைகளின் கூட்டுத்தொகைதான் நீளம்.

பராமரிப்பில் இரண்டு விஷயங்கள் மட்டும் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் தருபவை. இரண்டும் சத்தமில்லாமல் கெடுபவை.

ஒன்று டேப்பட். நம் ஊரில் பழைய புல்லட் பழகிய காதுகள் எஞ்சினைச் சத்தத்தால் அறியும். டேப்பட் சத்தம் வந்தால் இடைவெளி கூடிவிட்டது, அமைதியாக ஓடினால் நலம். அந்தக் காது இந்த எஞ்சின்களில் ஏமாறும். இங்கே கேம் நேராக ஒரு கிண்ணத்தை அழுத்த, கிண்ணத்துக்கடியில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு வில்லை இடைவெளியை நிர்ணயிக்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கிண்ணமும் கேமும் எண்ணெயில் மிதப்பதால் அதிகம் தேய்வதில்லை. தேய்வது வால்வு வந்து உட்காரும் விளிம்பு. விளிம்பு தேயத் தேய வால்வு உள்ளே அமிழ்கிறது, அதன் தண்டு மேலே உயர்கிறது, இடைவெளி குறைகிறது. இருந்த கொஞ்சநஞ்ச டிக்டிக்கும் மறைந்து எஞ்சின் பட்டுபோல் ஓடும். உடைமையாளர் மகிழ்வார். இடைவெளி முழுதும் தீர்ந்துபோனால் வால்வு முழுதாக மூடாது. வெளியேற்று வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை மூடி உட்காரும் அந்தச் சில நொடித்துளிகளில்தான் சிலிண்டர் தலைக்குக் கடத்துகிறது. உட்கார இடமில்லாவிட்டால் சூடு போக வழியில்லை, விளிம்பு எரிந்துவிடும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில், ஒரு வால்வு 2,000 முறை திறந்து மூடுகிறது. 24,000 கி.மீ. ஓட 400 மணிநேரம் என்று வைத்தால், 4 கோடியே 80 லட்சம் முறை. அத்தனை அடிக்குப் பிறகு ஒரு தரம் திறந்து பார் என்று கையேடு கேட்பது நியாயம்தான். வண்டிக்கு வண்டி இந்தக் கெடு 24,000-லிருந்து 40,000 கி.மீ. வரை மாறும். செலவு கசக்கும், முக்கால் நாள் வேலை, பெரும்பாலும் பிளாஸ்டிக்கைக் கழற்றி மாட்டுவதற்கே. கழற்றிப் பார்த்து “எல்லாம் சரியா இருக்கு சார்” என்று சொன்னால் காசு வீண் என்று தோன்றும்.

மற்றது பிரேக் ஆயில். ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெயே அல்ல. தண்ணீரை விரும்பி உறிஞ்சும் திரவம். சென்னைக் காற்றின் ஈரம் ரப்பர் குழாய்களின் வழியாகக்கூட மெல்ல மெல்ல உள்ளே போகும். டாட் 4 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. நூற்றில் நாலு பங்குக்கும் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும்.

இது எப்போது பொருட்டாகும்? கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது. வண்டி, இரண்டு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 400 கிலோ. ஆயிரம் மீட்டர் கீழே வந்தால் விடுபடும் ஆற்றல் சுமார் 39 லட்சம் ஜூல். பன்னிரண்டு லிட்டர் தண்ணீரைப் பச்சையிலிருந்து கொதிக்கும்வரை சூடாக்க அது போதும். ஒரு சின்னக் கல்யாணத்துக்குக் காபி போடலாம். எஞ்சினைத் தாழ்ந்த கியரில் விட்டு இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் மிச்சம் என்று பிரேக்கிலேயே இறங்கினால், அந்தக் காபி அத்தனையும் மூன்று இரும்புத் தட்டுகளில் கொதிக்க வேண்டும். காலிப்பருக்குள் திரவம் ஆவியானால், அழுத்தம் கடத்த வேண்டிய இடத்தில் குமிழி வந்துவிடும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. லீவர் கைப்பிடிவரை வந்து முட்டும். அடிவாரத்தில் ஆறவிட்டால் எல்லாம் பழையபடி சரியாகிவிடும் என்பதுதான் இதில் மோசம். ஒன்றும் நடக்காததுபோல் வண்டி வீடு வந்து சேரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முன்னூறு, நானூறு ரூபாய் திரவத்தை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. நம் நாற்கரச் சாலைகள் நேரானவை, ஆகவே டயரின் நடு மட்டும் தேய்ந்து சப்பையாகும். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டில் இரண்டு முனைகள் முளைக்கும். வண்டியைச் சாய்த்தால் முதலில் அடம்பிடித்து, பிறகு முனையைத் தாண்டிப் பொத்தென்று விழும். நடுவில் கடினமான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பருமாக டயர் செய்வது இந்தச் சப்பைக்கு மாற்று. காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். 30 பாகையில் 42 பிஎஸ்ஐ இருக்கும் பின்டயர், மத்தியானச் சாலையில் 60 பாகைக்குச் சூடானால் 47-ஐத் தாண்டும். அதைப் பார்த்து “அதிகமா இருக்கு” என்று பெட்ரோல் பங்க்கில் காற்றைப் பிடுங்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புவோம்.

மின்சாரத்திலும் ஒரு பொய்த்தோற்றம் உண்டு. எல்இடி விளக்கு மாட்டினால் ஆல்டர்னேட்டருக்கு ஓய்வு என்று நினைப்போம். இந்தப் பெரிய பைக்குகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் நிரந்தரக் காந்தத்தால் ஆனது; அதை அணைக்க முடியாது. சுற்றுகிறவரை விளைவித்துக்கொண்டே இருக்கும். பழைய பாணி ரெகுலேட்டர், வேண்டாத மின்னோட்டத்தைக் குறுக்கே இணைத்துச் சூடாக வீணடிக்கும். நாம் குறைவாகச் செலவழித்தால் ரெகுலேட்டர் கூடுதலாகச் சுடும், அவ்வளவுதான். சுருளின் பாரம் குறைவதில்லை. ரெகுலேட்டருக்குக் காற்றுப்படும் இடமாகப் பார்த்து மாற்றி வைத்தவர்கள் புத்திசாலிகள்.

சைலன்சரைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சத்தம் கூடினால் திறன் கூடியது என்று காது நம்புகிறது. திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தால் அந்த நம்பிக்கை பல சமயம் கரைந்துவிடும். பத்து மணிநேரப் பயணத்தில் அந்தச் சத்தத்தோடு உட்கார வேண்டியவரும் வாங்கியவரேதான்.

கண்ணாடிக்கு வருகிறேன். ஒரு மாதம் அதனோடு மல்லுக்கட்டினேன். மேல்விளிம்பில் அட்டைத்துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, அதிகாலையில் பரனூர்வரை போய்ப் போய் வந்தேன். கம்பளிநூல் துண்டுகளை ஒட்டி அவை எந்தப் பக்கம் துடிக்கின்றன என்று பார்த்தேன். காற்றுச் சுரங்கம் வைத்திருப்பவர்களும் பொறுமை இருந்தால் இதைத்தான் செய்கிறார்கள். நடுவில் நூல் எதிர்த்திசையில், முகத்தைவிட்டு முன்னோக்கி ஆடியதைப் பார்த்த நாளில்தான் பள்ளத்து அழுத்தம் என்பதை உண்மையாக நம்பினேன். கடைசியில் பழைய குட்டைக் கண்ணாடியையே எடுத்து, நான்கு திருகிலும் ரப்பர் வாஷர் அடுக்கி, அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினேன். காற்று இப்போது தோளில் படுகிறது. தலை தெளிந்த காற்றில் இருக்கிறது. சத்தம் இருக்கிறது, உலுக்கல் இல்லை.

உயரக் கண்ணாடியை ஆவடிப் பக்கம் ஒரு தம்பிக்கு விற்றேன். அதே வண்டி, என்னைவிட ஒரு சாண் குட்டை. எனக்கு நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். பரவாயில்லை அண்ணே என்று வாங்கிப்போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து போன் வந்தது.

“அண்ணே, சூப்பரா இருக்குண்ணே. ஹெல்மெட்டுக்குள்ள நான் பாடுறதே எனக்குக் கேக்குது. நீங்க ஏன் வித்தீங்கன்னே புரியல.”

சுருள்கள் அவன் தலைக்கு ஒரு சாண் மேலே உருண்டு போயிருக்க வேண்டும். பின்னால் யாரையாவது ஏற்றியிருக்கிறாயா என்று கேட்டேன்.

“ஆமாண்ணே, வீட்டம்மா வந்திருக்கா. பின் சீட்டு கொஞ்சம் உசரம்ல. அவதான் செங்கல்பட்டுலருந்து தலைவலி தலைவலிங்கறா. வெயிலுக்கா இருக்கும், இல்லண்ணே?”